மிக்ஜாமில் மூழ்கிய ஆல்டோ மறுபடி ஓடியது

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில், வேளச்சேரியில் எங்கள் தெருவில் நின்ற பழைய பெட்ரோல் ஆல்டோவுக்கு பானட் வரை தண்ணீர். வடிந்ததும் சாவியைத் தொடவில்லை. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினேன். தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. சிலிண்டருக்குள் அது இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம்.

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் விட்ட காபி நிறம், தண்ணீர் கலந்துவிட்டது. ஏர் ஃபில்டரில் சேறு. "செல்ஃப் அடிச்சிடாதீங்க சார்" என்றபடியேதான் மெக்கானிக் அண்ணன் உள்ளே வந்தார். ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றிவிட்டு, எஞ்சினோடு சுற்றும் சக்கரமான கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினோம். பிளக் துளை வழியாகப் பழுப்புத் தண்ணீர் பீய்ச்சியது, என் சட்டையெல்லாம். அது நின்றதும் ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சுற்றினோம்.

அப்புறம் பெட்ரோல் டேங்க், கியர்பாக்ஸ் ஆயில் எல்லாம் காலி. எஞ்சினுக்குப் புது ஃபில்டரும் மலிவான ஆயிலும். எப்படியும் அதையும் கொட்டத்தானே போகிறோம்! ஒயரிங் கனெக்டர்களைக் காயவைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை கக்கிவிட்டு ஓடியது. சில நிமிடத்தில் அணைத்துப் பார்த்தால் ஆயில் மறுபடி வெளுத்திருந்தது. வெளுப்பு போகும்வரை மாற்றிவிட்டு, கடைசியில்தான் நல்ல ஆயில் ஊற்றினோம். சீட் நாற்றம் இன்னும் போகவில்லை.