சர்ஃபிங் பழக: முதலில் குப்புறப் படுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

விடிகாலையில் புதுச்சேரிக்கு வடக்கே தந்திராயன்குப்பம் கடலில் பலகையோடு கிடப்பேன். பத்து மணிக்கு மேல் முத்தியால்பேட்டையில் பிசியோதெரபி வேலை. சர்ஃபிங், அதாவது பலகையில் நின்று அலைமேல் சறுக்கிப் போவது, பழக ஆசைப்பட்டு யோசனை கேட்பவர்கள், எழுந்து நிற்பது எப்படி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு ஜிம்மில் சேர்ந்து தொடையையும் புஜத்தையும் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அப்புறம் கடலில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே தோள் தூக்க முடியாமல் கரையேறிவிடுகிறார்கள்.

விஷயம் என்னவென்றால், தண்ணீரில் இருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி, பலகையில் குப்புறப் படுத்துக் கையால் துழாவுவதிலேயே போய்விடும். மீதியில் பெரும்பகுதி அலைக்குக் காத்துக் கிடப்பது. நின்றுகொண்டு போகும் நேரம் நூற்றுக்குப் பத்தைக்கூடத் தொடாது. போட்டிக்குப் போகிறவர்களுக்கே கணக்கு இதுதான். ஆகவே உடம்பைத் துழாவலுக்குத் தயார் செய்யுங்கள். நிற்பது பின்னால் வரும்.

அதற்கும் முன்னால் நீச்சல். காலைப் பலகையோடு கட்டிய கயிறு இருக்கிறதே, பலகை மிதக்கிறதே என்பதெல்லாம் சரி, கயிறு அறுந்தால்? நீச்சல் குளத்தில் நிற்காமல் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் போக முடிகிறவரை கடல் பக்கம் வர வேண்டாம் என்பது என் கறாரான விதி. மூச்சை அடக்கிப் பழகுகிறேன் என்று தனியாகத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்காதீர்கள். நினைவு தப்பினால் தூக்கிவிட ஆள் இருக்காது.

இப்போது துழாவல். பலகையில் படுத்தால் நெஞ்சு பலகையைவிட்டுச் சற்று எழும்பியிருக்க வேண்டும், பார்வை முன்னால் போக வேண்டும். கேட்க எளிது. நாள் முழுக்க நாற்காலியில் கூன்போட்டு உட்காருகிறவரின் நடுமுதுகு அப்படி வளையாது. முதுகு வளையாததால் கழுத்தை ஒடித்துத் தூக்குவார்கள், கீழ்முதுகை அழுத்துவார்கள். நெஞ்சு தாழ்ந்தே இருப்பதால் கை உயர வழியில்லாமல் தோள்மூட்டின் மேல்பக்கம் இடிபடும். என்னிடம் வரும் சர்ஃபிங் தோள்வலிகளில் பலவற்றுக்கு மூலம் நடுமுதுகுதான்.

இதற்கு வீட்டிலேயே மருந்து உண்டு. ஒரு துண்டைக் கெட்டியாகச் சுருட்டித் தரையில் குறுக்கே போட்டு, தோள்பட்டை எலும்புகளுக்குக் கொஞ்சம் கீழே படும்படி மல்லாந்து படுங்கள். கைகளைத் தலைக்கு மேலே நீட்டி மெதுவாக மூச்சு விடுங்கள். இரண்டு நிமிடம் போதும். அடுத்து புஜங்காசனம், ஆனால் கையை ஊன்றித் தள்ளாமல், முதுகின் பலத்தாலேயே நெஞ்சைத் தூக்கி நிறுத்துங்கள். பிறகு குப்புறப் படுத்து நெஞ்சையும் கால்களையும் தூக்கும் சலபாசனம். அந்த நிலையில் இருக்கும்போதே கைகளை மாற்றி மாற்றித் துழாவுவதுபோல் அசைத்துப் பாருங்கள், கடலில் எது முதலில் களைக்கும் என்று தரையிலேயே தெரிந்துவிடும். ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் மாட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து வெளிப்பக்கமாக இழுப்பது தோளின் உள்தசைகளுக்கு. எல்லாம் சேர்ந்து இருபது நிமிட வேலை. வாரத்துக்கு நான்கு நாள் செய்தால், இரண்டு மாதத்தில் உங்கள் தோள் வேறு மாதிரி பேசும்.

எழுந்திருக்கும் வித்தையைப் பாயிலேயே பழகிவிடலாம். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை விலாவின் அடிப்பக்கத்துக்கு நேராக ஊன்றுங்கள். பலகையின் ஓரத்தைப் பிடிக்கிற பழக்கம் வரவே கூடாது. ஒரே தள்ளலில் முன்காலை இரண்டு கைகளுக்கும் நடுவே கொண்டுவந்து, முழங்காலை மடித்துத் தாழ்வாக நில்லுங்கள். முழங்காலில் மண்டியிட்டு எழுந்தால் அதுவே பழகிவிடும், பிறகு மாற்றுவது பெரும்பாடு. கால் முன்னே வர மறுக்கிறது என்றால் குறை கையில் இல்லை, இடுப்பில். குத்துக்காலிட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படியுங்கள். சிலம்பம் பழகியவர்களுக்கு இந்தத் தாழ்ந்த நிலை சட்டென்று வந்துவிடுகிறது. தண்டாலும் பஸ்கியும் தெரிந்தால் மற்ற பளு தூக்கல் எதுவும் ஆரம்பத்தில் தேவையில்லை.

சரி, கடலுக்கு வருவோம். செரினிட்டி பீச் என்று எல்லாரும் புதுச்சேரிக் கணக்கில் சேர்த்தாலும், தந்திராயன்குப்பம் விழுப்புரம் மாவட்டம். புதுச்சேரித் துறைமுகச் சுவர்கள் வடக்கே போகும் மணலைத் தடுத்ததில் இந்தப் பக்கத்துக் கரைகள் கரைந்தன, அதைத் தடுக்கக் கடலுக்குள் பாறை கொட்டியிருக்கிறார்கள். அந்தப் பாறைகளை ஒட்டித்தான் தண்ணீர் கடலுக்குள் இழுக்கும். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே இருங்கள். கடலூர்க்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் இறங்குவதானால், கெடிலம் கடலில் கலக்கும் பக்கம் போகவே வேண்டாம். இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாதீர்கள். பலகையில் படுத்துக் கரைக்கு இணையாகத் துழாவி இழுப்பைத் தாண்டுங்கள், பிறகு திரும்பலாம்.

பழக நல்ல காலம் ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை, அலை சின்னதாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அலை வலுக்கும். ஆனால் விடியலில் கச்சான் காற்று, அதாவது மேல்காற்று, கரையிலிருந்து வீசி அலை முகத்தைச் சீராக்கிவிடும். முன்பகலில் கடற்காற்று ஏறியதும் எல்லாம் கலங்கும், அதற்குள் கரையேறிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புதியவருக்கு விடுமுறை. கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸ் (INCOIS) வெளியிடும் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். அதையும்விட, வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவர்களைக் கேளுங்கள். "அண்ணே, இன்னிக்கு எறங்கலாமா?" என்று கேட்டால், "வேணாம்மா, இழுப்பு ஜாஸ்தி, நாளைக்குப் பாத்துக்க" என்று பதில் வரும். அன்றைக்கு நான் பலகையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

பலகை 8 அல்லது 9 அடி, மேலே நுரை வைத்த மெத்துப் பலகை. சின்னப் பலகை அழகாகத்தான் இருக்கும், துழாவி மாளாது. வாங்க அவசரப்படாதீர்கள், சர்ஃப் பள்ளிகளில் பயிற்சியோடு பலகையும் தருவார்கள். தொடக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில், உடைந்து வரும் வெண்நுரையில் மட்டும் பழகுங்கள். நடந்து போகும்போது பலகை உங்களுக்குப் பக்கவாட்டில், அதன் மூக்கு, அதாவது முன்நுனி, அலையைப் பார்த்து. உங்களுக்கும் அலைக்கும் நடுவே பலகை குறுக்கே வந்தால் பல் போகும். விழும்போது தலைகுப்புறப் பாயாமல் தட்டையாக விழுங்கள். மேலே வருகையில் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு வாருங்கள், பலகை எங்கே இருக்கிறது என்று தெரியாது.

வெறும் உடம்போடு படுத்தால் நெஞ்சும் வயிறும் உரசிப் புண்ணாகும், முழுக்கை ரேஷ்கார்ட், அதாவது உரசலைத் தடுக்கும் இறுக்கமான சட்டை, போடுங்கள். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்க்காமல் கடல் தண்ணீராலேயே அலசிவிட்டு, தாங்குகிற சூட்டில் வெந்நீர் வையுங்கள். மூச்சு முட்டினால் நேரே ஆஸ்பத்திரிதான். மறுநாள் தசை வலித்தால் பரவாயில்லை, வலியோடு லேசாக நீந்தலாம். தோள்மூட்டுக்குள்ளே குத்தினாலோ, இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாவிட்டாலோ, பலகையை ஓரம் வைத்துவிட்டு ஒரு பிசியோவைப் பாருங்கள்.