மறதி நோய் உள்ள அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

"ஒரு நாளைக்கு எவ்வளவு?" ஏஜென்சிக்கு போன் போட்டதும் நாங்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான். எந்த நேரத்துக்கு, என்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்று அவர்கள் திருப்பிக் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. "அப்பாவுக்கு டிமென்ஷியா, கூடவே இருந்து பார்த்துக்கணும்" என்றோம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒன்றரை வருடத்தில் ஏழு பேர் மாறினார்கள். ஒவ்வொரு தடவையும் பதிவுக் கட்டணம், முன்பணம். புது முகத்தைப் பார்த்து மிரண்டு அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டார், நாங்கள் மாற்றி மாற்றி ஆபீஸுக்கு லீவு போடுவோம். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், பேரம் பேசித் தினக்கூலியில் குறைத்த நூறு ரூபாய் எந்த மூலைக்கு? மறதி நோய் உள்ள வீட்டில் செலவு எகிறுவது பெரும்பாலும் சம்பளத்தால் இல்லை, ஆள் நிற்காததால். கீழே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி நாங்களே செய்தவை.

நேரம் குறித்துப் பார்க்காமல் ஷிப்ட் பேசுவது

ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் அன்று அவசர அவசரமாக ஆள் தேடினால், ஏஜென்சி சொல்வதுதான் ஷிப்ட். அவர்கள் பகல் 12 மணி நேரம் என்பார்கள், இல்லையென்றால் வீட்டோடு 24 மணி நேரம் என்பார்கள். நாங்கள் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை எடுத்தோம். உதாரணத்துக்கு ஒரு நாளைக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 24,000.

பிறகு ஒரு வாரம், பழைய டைரி ஒன்றில் அப்பாவுக்கு எப்போதெல்லாம் இன்னொருவர் கை தேவைப்படுகிறது என்று நேரம் போட்டு எழுதினோம். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை: பல் தேய்க்க, குளிக்க, டிபன். அதற்குப் பின் அவர் பாட்டுக்கு இருப்பார், மதியம் தூங்குவார். அந்த ஏழு மணி நேரமும் வந்தவர் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் குற்றமில்லை, வேலையே இல்லை. சாயங்காலம் நாலரை ஆனதும் ஆரம்பிக்கும். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பொழுது சாயும்போது எழுந்து, "டிப்போவுக்கு நேரமாச்சு, பையை எங்க வெச்சீங்க?" என்று கதவைப் பிடித்து உலுக்குவார். அந்தி நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடுவது இந்த நோயில் பலருக்கும் உள்ளதுதான். எங்களுக்கு ஆள் தேவைப்பட்டது அப்போது.

டைரியைப் பார்த்துவிட்டு 12 மணி நேர ஷிப்டை விட்டோம். இரண்டு தெரு தள்ளி, முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு பாயாக இருந்தவர் கிடைத்தார். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் நாலு மணி நேரம். ஏஜென்சிக்குக் கொடுத்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகிறது. அவரை எங்களுக்குக் காட்டியது எந்த விளம்பரமும் இல்லை, எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்காரர். மருந்துக்கடை, வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் ஆயாக்கள் ஆகியோருக்கு யார் நல்லவர், யார் எப்போது ஓய்ந்திருக்கிறார் என்பது தெரியும். நேரடியாக ஆள் வைத்தால் ஆதார் நகலும், அவர் கடைசியாக வேலை செய்த வீட்டின் போன் நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வருபவரைப் பற்றிய போலீஸ் சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

நர்ஸ் வேண்டும் என்று கேட்பது

வெள்ளைச் சீருடை போட்ட எல்லோரையும் "ஹோம் நர்ஸ்" என்று சொல்வது இந்தத் தொழிலின் வழக்கம். மூக்குவழிக் குழாய், சிறுநீர்க் குழாய், ஊசி, ஆழமான படுக்கைப் புண் ஆகியவை இருந்தால்தான் ஏ.என்.எம். அல்லது ஜி.என்.எம். படித்த நர்ஸ் தேவை. அப்போது சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். நடமாடுகிற, சாப்பிடுகிற டிமென்ஷியாக்காரருக்கு நர்ஸ் சம்பளம் கொடுப்பது வீண். அவருக்கு வேண்டியது பொறுமையும் கொஞ்சம் நடிப்பும்.

நடிப்பு என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்பா குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பார். மூன்றாவதாக வந்தவர், நல்ல பயிற்சி பெற்றவர், "நாலு நாளாச்சு சார், நாறுது, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார், அப்பா அறைந்துவிட்டார். இப்போது வருபவர் கிண்ணத்தில் நல்லெண்ணெயைச் சுட வைத்து எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, இன்னைக்கு சனிக்கிழமை" என்பார். சனிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல். எழுபது வருடப் பழக்கம், அது அழியவில்லை. அப்பா தானாகவே சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். வாரத்தில் ஐந்து சனிக்கிழமை வருகிறது எங்கள் வீட்டில்.

ஆகவே ஆளைப் பேசி முடிப்பதற்கு முன் அரை நாளாவது அப்பாவோடு இருக்க விடுங்கள். கூலி கொடுத்தே விடுங்கள். ஒரே கேள்வியை அப்பா பத்தாவது தடவை கேட்கும்போது வந்தவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். அனுபவம் எத்தனை வருடம் என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலை விட அது அதிகம் சொல்லும். பாஷையையும் பாருங்கள். நோய் முற்ற முற்ற, பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவதுண்டு. இங்கிலீஷ், இந்தி மட்டும் தெரிந்த ஆள் சம்பளத்தில் மலிவாகக் கிடைத்தாலும், அப்பா கேட்பது ஒன்று, அவர் எடுத்து வருவது ஒன்று என்றாகிவிடும்.

"லேசா மறதிதான்" என்று சொல்லி வரவழைப்பது

இதுதான் ஆளை மூன்றாம் நாளே துரத்தும் தவறு. அடிப்பார், திட்டுவார், வேட்டியை அவிழ்த்துவிடுவார், இரவில் நாலு தடவை எழுவார் என்பதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்து வரவழைத்தால், பார்த்த மறுநாளே கிளம்பிவிடுவார்கள்; கட்டிய பதிவுக் கட்டணம் பெரும்பாலும் போனதுதான். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. 2023-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின் மதிப்பீட்டில் 60 வயது கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது.

திருட்டுப் பழி தனி விஷயம். பொருளை எங்கோ வைத்துவிட்டு, "இவன்தான் எடுத்தான்" என்று சொல்வது நோயின் ஒரு பகுதி. நகை, பணம், ஏ.டி.எம். கார்டு எல்லாவற்றையும் முதல் நாளே பீரோவில் பூட்டிவிடுங்கள். வருபவர் திருடுவார் என்பதற்காக இல்லை. பூட்டிவிட்டால் பழி வரும்போது, "அதெல்லாம் எங்ககிட்ட பத்திரமா இருக்குப்பா" என்று நாமே சொல்லலாம், அந்த மனிதரின் மானமும் தப்பும். கேமரா வைத்தால் சொல்லிவிட்டு வையுங்கள், குளியலறைப் பக்கம் கூடவே கூடாது.

ஏஜென்சி வழியாக எடுத்தால் ஒரே ஒரு கேள்வியை விடாதீர்கள்: நாங்கள் கொடுப்பதில் அவர் கைக்கு எவ்வளவு போகும்? நேராகப் பதில் வராத இடத்தில் ஆள் அடிக்கடி மாறுவார். கமிஷன் அதிகம் பிடித்தால் அடுத்த வீட்டில் ஐம்பது ரூபாய் கூடக் கிடைத்தாலும் போய்விடுவார், யார்தான் போக மாட்டார்கள்? சாப்பாடு யார் பொறுப்பு, வாரத்தில் எந்த நாள் லீவு, வராத நாளுக்கு மாற்று ஆள் உண்டா, இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். 24 மணி நேரம் என்றால் 24 மணி நேரமும் விழித்திருப்பார் என்று நினைக்காதீர்கள். அவரும் தூங்க வேண்டும். "சும்மாதானே இருக்கீங்க" என்று வீட்டுப் பாத்திரத்தையும் துணியையும் அவர் தலையில் கட்டினால், அப்பாவைப் பார்க்க ஆள் இல்லை என்று அர்த்தம்.

தூக்க மாத்திரையில் செலவைக் குறைப்பது

இரவு ஆளுக்குக் கொடுக்க முடியவில்லை, ஒரு மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்கலாம் என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. அந்த மயக்கத்தில் எழுந்து விழுந்தால் இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன் என்று போகும். மனநோய்க்குத் தரும் சில மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு உயிராபத்தைக் கூட்டுகின்றன என்று 2005-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் வேறு கதை, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவது கூடாது.

நேற்று வரை நன்றாக இருந்தவர் திடீரென்று இரண்டு நாளில் மோசமானால், நோய் முற்றிவிட்டது என்று இரவு ஆள் தேடக் கிளம்பாதீர்கள். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குறைந்தது, புதிதாகச் சேர்த்த மருந்து, இவற்றில் ஏதோ ஒன்றாக இருக்கலாம். எங்கள் வீட்டில் மதியம் மூன்று மணி நேரத் தூக்கத்தை ஒரு மணி நேரமாக்கி, நாலு மணிக்கு மேல் டீயை நிறுத்தியதிலேயே இரவு பாதி அடங்கியது.

இலவசமாகக் கிடைப்பதைக் கேட்காமல் விடுவது

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். சென்னையில் இருந்தால் கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனைக்கு ஒரு தடவை போய் வரலாம். அண்ணா நகரில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பு டிமென்ஷியாவுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறது. மறதி நோய் உள்ளவர்களுக்கும் குடும்பத்துக்கும் உதவ 1992-ல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்புக்குச் சென்னைக் கிளை உண்டு. முதியோர் உதவி எண் 14567. மருத்துவக் காப்பீட்டை மட்டும் நம்பாதீர்கள்: அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான், வீட்டில் வைக்கும் ஆளுக்கு வராது.

அப்பாவின் பென்ஷனிலிருந்துதான் சம்பளம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அவர் புரிந்து கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே வங்கிக்குப் போய், கூட்டுக் கணக்கு பற்றிக் கேளுங்கள். பவர் பத்திரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. எழுதிக் கொடுத்தவருக்கு மனநிலை தவறினால் அந்த அதிகாரமும் சட்டப்படி முடிந்துவிடும். அப்புறம் காப்பாளர் உத்தரவுக்குக் கோர்ட் படியேற வேண்டும். கூடப் பிறந்தவர்கள் விஷயத்தில் சுருக்கமாக ஒன்று: பணம் அனுப்புபவர் மேனேஜராகவும், கூட இருப்பவர் வேலையாளாகவும் ஆகிவிடுவதுதான் பல வீட்டு நிலவரம். பணம் அனுப்புகிறவர் வருடத்தில் பத்து நாளாவது வந்து தங்கி, தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும். அந்தப் பத்து நாளுக்குப் பிறகு ஆள் சம்பளம் அதிகம் என்ற பேச்சே வராது.

இன்னொன்று, பொங்கல், தீபாவளி. அந்த வாரம் எல்லோரும் ஊருக்குப் போவார்கள், மாற்று ஆள் இரண்டு பங்கு கேட்பார். நாங்கள் இப்போது பொங்கலுக்கு மார்கழி பிறக்கும்போதே இன்னொருவரைப் பேசி வைத்துவிடுகிறோம். பழையவர் இருக்கும்போதே இரண்டு சாயங்காலம் அவர் வந்து கூட உட்காருவார், அப்பாவுக்கு முகம் பழகும். போன தடவை எங்கள் ஆள் செய்யாறு பஸ் ஏறுவதற்கு முன் மாத்திரை டப்பா, டயப்பர், வெந்நீர் என்று எல்லாவற்றையும் காட்டிவிட்டு, வாசலில் செருப்பு போட்டுக்கொண்டே சொன்னார்: "டிப்போவுக்குப் போகணும்னு கேட்டா எதிர்த்துப் பேசாதீங்க, வண்டி இன்னும் வரலைன்னு சொல்லுங்க. அப்புறம், இவருக்கு எல்லா நாளும் சனிக்கிழமைதான். மறந்துடாதீங்க."