கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடும்போது நடக்கும் தவறுகள்

இரண்டு கைப்பிடி பிளீச்சிங் பவுடரை மேலிருந்தே தூவிவிட்டால் கிணறு சுத்தமாகிவிடாது. தூளில் இருக்கும் சுண்ணாம்பு கிணற்றுக்குள் சேர்ந்து தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும். குளோரினும் அடிநீர் வரை சீராகக் கலக்காது.

பவுடரை நிறுப்பதற்கு முன் தண்ணீரை அளக்க வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டி அடிவரை இறக்குங்கள். நனைந்த நீளமே நீரின் ஆழம். விட்டம் × விட்டம் × ஆழம் (மீட்டரில்) × 785 என்று பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். விட்டம் 2 மீட்டர், நீர் 3 மீட்டர் என்றால் சுமார் 9,400 லிட்டர். வழக்கமான பராமரிப்புக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும், ஆக 24 கிராம்தான். வெள்ளநீர் புகுந்தாலோ, எலியோ பூனையோ விழுந்து செத்தாலோ, தூர் வாரினாலோ 1,000 லிட்டருக்கு 150 கிராம் வேண்டும். அதே கிணற்றுக்கு 1.4 கிலோ. இரண்டையும் மாற்றிப் போடுவதே மிகப் பெரிய தவறு.

இவை 33 சதவீதக் குளோரின் உள்ள புதுத் தூளுக்கான அளவுகள். திறந்து கிடந்த பழைய தூளில் குளோரின் பறந்துபோயிருக்கும், அதை நம்பாதீர்கள்.

ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். கொஞ்சம் நீர் விட்டுக் கூழாக்கி, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிடுங்கள். தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, அதை நீருக்கடியில் இறக்கி மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். திறந்த வெளியில்தான் கலக்க வேண்டும். அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

கலங்கிய நீரில் போட்டால் சேறும் அழுகலுமே குளோரினைத் தின்றுவிடும். முதலில் நீரை இறைத்து, சேறு நீக்கி, சுவரைத் தேய்த்துவிட்டுப் பிறகுதான் மருந்து. இதற்காகக் கிணற்றுக்குள் இறங்குவது உயிருக்கு ஆபத்து. அடியில் ஆக்சிஜன் இல்லாமல் போயிருக்கலாம். அந்த வேலை தெரிந்தவர்களிடம், பாதுகாப்புச் சாதனங்களோடு விடுங்கள்.

குறைந்த அளவு போட்டால் ஒரு மணி நேரம் எடுக்காமல் விட வேண்டும். இரவு கடைசியாக நீர் எடுத்தபின் போடுவது வசதி. பிறகு குளோரின் சோதனைக் கிட்டில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கிருமியோ அழுக்கோ இன்னும் மிச்சம், திரும்பப் போடுங்கள்.

அதிக அளவு போட்டால் குறைந்தது 12 மணி நேரம். கார்பன் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். கிணற்றை மட்டும் சுத்தம் செய்து குழாயை மறந்தால் அங்கிருந்தே கிருமி திரும்பும். பின்பு வாடை போகும்வரை இறைத்துக் கொட்ட வேண்டும். செப்டிக் டேங்கிலோ மீன் குளத்திலோ கொட்டாதீர்கள்.

ஒரு வாரம் கழித்து ஆய்வகத்தில் கோலிஃபார்ம் (கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) சோதனை செய்யுங்கள், அதுவரை கொதிக்கவைத்துக் குடியுங்கள். கிருமி மறுபடி தென்பட்டால் பவுடரைக் கூட்டாதீர்கள். மேடையில் விரிசலா, கழிவுக்குழி அருகிலா என்று தேடி அதைச் சரிசெய்யுங்கள்.