பச்சைப் பன்றிக்கறியைத் தொட்ட கை எங்கெல்லாம் போகிறது?

கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பன்றிக்கறியில் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியா இருக்கிறதாமே, சமைத்தால் சாகுமா என்று பலரும் கேட்கிறார்கள். சாகும். மருந்துக்கு அடங்காத சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமியும் சூட்டுக்கு அடங்கிவிடும். கொத்துக்கறி என்றால் உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். முழுத் துண்டு என்றால் 63 டிகிரி வந்ததும் இறக்கி 3 நிமிடம் அப்படியே விடுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், சமையல் தெர்மாமீட்டரைத் தடிமனான இடத்தில், எலும்பில் படாமல் செருகிப் பாருங்கள்.

எனக்குக் கவலை எல்லாம் கறி அடுப்பில் ஏறுவதற்கு முந்தைய கொஞ்ச நேரம்தான். கறியைத் தொட்ட கையாலேயே குழாயைத் திறக்கிறோம், உப்பு டப்பா மூடியைத் திருகுகிறோம், போனை எடுக்கிறோம். கறி வெந்துவிடும், டப்பா மூடி வேகாது. அதனால் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே உப்பு, எண்ணெய் எல்லாம் கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காய்கறியை நறுக்கி ஒதுக்குங்கள், அப்புறம் கறி. பலகை தனியாக இருந்தால் இன்னும் நல்லது. கறியைக் குழாயடியில் கழுவவே வேண்டாம், தெறிக்கும் தண்ணீர் சுற்றியுள்ள பாத்திரங்களில் எல்லாம் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஈரத்தைக் காகிதத்தால் ஒற்றி, அந்தக் காகிதத்தைக் குப்பையில் போட்டுவிடுங்கள். கடைசியில் சோப்புப் போட்டு 20 நொடி கையைக் கழுவுங்கள், குழாய்ப் பிடியையும் சேர்த்து.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். எம்ஆர்எஸ்ஏ என்பது பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத, தோலில் புண் உண்டாக்கும் பாக்டீரியா. பன்றிப் பண்ணைகளில் பரவும் வகை ஒன்று அதில் உண்டு, காயம் அதற்குத் திறந்த வாசல்.

வயிற்றுப்போக்கு வரவில்லையே, அப்புறம் என்ன என்று விட்டுவிட முடியாது. 2015-ல் சீனாவில் பன்றிகளிடமிருந்து எடுத்த ஈகோலை என்ற குடல் பாக்டீரியாவில் எம்சிஆர்-1 என்ற மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினையே அது செயலிழக்க வைக்கிறது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்கிறது. அதாவது, இன்று நம் குடலுக்குள் சும்மா வந்து தங்கும் கிருமிகூட, நாளை நோய் உண்டாக்கும் கிருமிக்கு அந்த மரபணுவைக் கொடுத்துவிடலாம். பன்றி சீக்கிரம் வளரத் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதைச் சீனா 2017-ல் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்குகள் எல்லாவற்றையும் 2006-லேயே தடை செய்துவிட்டது.

ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்த்தது என்று அட்டையில் போட்டிருந்தால் தாராளமாக வாங்குங்கள், அந்தப் பண்ணைக்காரருக்கு அது ஆதரவு. ஆனால் அந்தக் கறியிலும் கிருமி இருக்கும். அதற்கும் இதே பலகை, இதே சோப்பு, இதே தெர்மாமீட்டர்தான்.