ஏர் பிஸ்டல் பெல்லட்டின் மூக்கு ஏன் மொட்டை? பார்த்து வாங்கும் முறை

குண்டு என்றால் கூராகத்தான் இருக்கும் என்று நினைத்துப் போனால் தவறான டப்பாவோடு திரும்புவீர்கள். கூர்மூக்கு ரைஃபிளுக்கு உரியது. ஒலியை மிஞ்சிய வேகத்தில் பல நூறு மீட்டர் போகும் குண்டுக்குத்தான் அது தேவை. ஏர் பிஸ்டல் பெல்லட், அதாவது காற்றழுத்தத்தில் பாயும் சிறு ஈயக் குண்டு, விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் 10 மீட்டர்தான் போகிறது. அங்கே காற்றுத்தடையை விட, இலக்குத் தாளில் விழும் ஓட்டைதான் முக்கியம்.

உருண்டை மூக்கு தாளைக் கிழித்து நுழையும். ஓட்டை, பெல்லட்டின் அளவான 4.5 மி.மீ.யை விடச் சிறிதாகத் தெரியும், ஓரம் பிசிறடிக்கும். மொட்டை மூக்கு, பஞ்சிங் மெஷின் போல வட்டமாக வெட்டி எடுக்கும். வளையக் கோட்டைத் தொட்டாலே கூடுதல் புள்ளி. பத்தாம் வளையத்தின் விட்டமோ 11.5 மி.மீ.தான். பிசிறு ஓட்டையால் 10 என்பது 9 ஆகிவிடும்.

உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கியிருப்பதும் அலங்காரமில்லை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு அடிப்பக்கம் கனம், பெல்லட்டுக்குத் தலைப்பக்கம். பின்பக்கக் குழிவைக் காற்று இழுத்துப் பிடிப்பதால் தலை முன்னாலேயே நிற்கும். சுடும்போது மெல்லிய பின்விளிம்பு விரிந்து பேரலின் (குழலின்) சுருள் பள்ளங்களில் பதிந்து காற்று கசியாமல் அடைக்கும். அந்த விளிம்பு நசுங்கியிருந்தால் பேரல் வாயை விட்டு வெளியேறும்போது காற்று ஒருபக்கமாகப் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். தாறுமாறாக விழும் குண்டுகளுக்குக் கையைக் குறை சொல்வதற்கு முன் டப்பாவைப் பாருங்கள்.

பெல்லட்டுகளை வெள்ளைத் தாளில் பரப்பி, விளிம்பு கோணியதை ஒதுக்குங்கள். பிறகு 4.49, 4.50, 4.51 மி.மீ. தலை அளவுகளில் ஐந்தைந்து, பிஸ்டலைத் தாங்கியில் வைத்துச் சுடுங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அதுவே உங்கள் பேரலுக்கு. எடை 0.45 முதல் 0.53 கிராம் வரை போதும்.

25 மீட்டருக்கு .22 பிஸ்டல் (0.22 அங்குலக் குண்டு, வெடிமருந்துத் தோட்டா) எடுத்தால் கதை வேறு. தோட்டா மேகசினிலிருந்து சரிவில் ஏறி அறைக்குள் நுழைய வேண்டும். மொட்டை விளிம்பு அங்கே தட்டி நிற்கும். உருண்டை மூக்கு வழுக்கிப் போகும். ரிவால்வரில் தோட்டா சுழல் அறையிலேயே உட்கார்ந்திருப்பதால் மொட்டையும் ஓடும்.

ஐப்பசி அடைமழையில் டெல்டா ஈரத்துக்கு ஈயம் வெண்பொடி பூக்கும். மூடியை இறுக்கி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். பொடி பூத்ததை எடுத்து வீசுங்கள், ஊதாதீர்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே டீ, வடை.