ஏற்காடு மலைப்பாதையில் முதல்முறை கார் ஓட்டுபவர்களுக்கு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு சுமார் 30 கிலோமீட்டர்தான், ஆனால் அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள் வரிசையாக வரும். காலையிலேயே கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் போனால் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டேதான் ஏற வேண்டும்.

ஏறும்போது வளைவுக்குள் போய் கியர் மாற்றாதீர்கள், வண்டி திணறி நின்றுவிடும். முன்னாலேயே இரண்டாவதுக்கு, செங்குத்தாக இருந்தால் முதலாவதுக்கே மாற்றிவிட்டு, ஹாரன் அடித்து, உங்கள் பக்கத்திலேயே திரும்புங்கள். எதிரே பஸ் வந்தால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நில்லுங்கள், அதற்குத் திரும்ப மொத்த ரோடும் வேண்டும். இறங்குகிறவர்கள் ஏறும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும், அதை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை!

மூடுபனி வந்தால் ஹை பீம் போடாதீர்கள், வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம் போதும். குரங்குக்குத் தீனி போட நடுரோட்டில் நிறுத்துகிறவர்களை என்ன சொல்வது...

மேலே லேடீஸ் சீட் என்ற காட்சிமுனைக்கு இருட்டுகிற நேரத்தில் போங்கள், கீழே சேலம் முழுக்க விளக்கு எரியும். இன்னொரு காட்சிமுனையான பகோடா பாயின்ட்டுக்கு பகல்தான் சரி.

அப்புறம், இறக்கம். செலவு மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் கருகிய வாடை வரும், அப்போது ஓரங்கட்டி, டயருக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.