ஒரு பிடி அரிசியோடு நூலகத்தைச் சுற்றுவது எப்படி?

"கதை, நாவல் தவிர மற்றதையும் படிக்க ஆசை. எங்கே தொடங்குவது?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். துறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். வரலாற்றில் ஒன்று, அறிவியலில் ஒன்று, பொருளாதாரத்தில் ஒன்று என்று பட்டியல் போட்டு நான் வாங்கிய புத்தகங்கள் இரண்டு வருடம் அலமாரியில் அப்படியே இருந்தன. அரிசியைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் அந்தத் துறைகளுக்குள் எல்லாம் கால் வைக்க முடிந்தது.

அம்மா ஒருநாள் உலை வைத்துக்கொண்டே கேட்டார்: "நெல்லை எதுக்கு ஒரு தடவை அவிச்சுக் காயவெச்சு, மறுபடியும் சோறாக்குறோம்?" என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் போன வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. கையில் பிடிக்கக்கூடிய பொருள், கூடவே ஒரு கேள்வி

உப்பு, பருத்தி, காகம், செங்கல் என எதுவாகவும் இருக்கட்டும். "பண்பாடு", "சுற்றுச்சூழல்" மாதிரி பெரிய சொற்கள் வேண்டாம். அவற்றுக்குள் போனால் எந்தப் பக்கம் திரும்புவதென்றே தெரியாது. கேள்வி உங்கள் வீட்டிலிருந்து வந்ததாக இருந்தால் நல்லது.

2. முதலில் கலைக்களஞ்சியம்

பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தில் உங்கள் பொருளைத் தேடுங்கள். முதல் தொகுதி 1954இல் வந்தது. தகவல்கள் பழையவைதான். ஆனால் ஒரு பொருள் எத்தனை துறைகளைத் தொடுகிறது என்பதை அரைமணி நேரத்தில் காட்டிவிடும். இணையத்தில் தேடுவதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

3. எண்ணைப் பிடித்துக்கொண்டு நடப்பது

நான் தடுமாறிய இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய நூலகங்களில் புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண், பெரும்பாலும் டூயி தசமப் பகுப்பு எண். நூல்களைத் துறைவாரியாகப் பிரித்து எண் கொடுக்க, அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட முறை. 300 சமூக அறிவியல், 500 அறிவியல், 600 தொழில்நுட்பம், 900 வரலாறும் புவியியலும் என்று போகும். மனப்பாடம் செய்ய வேண்டாம், அடுக்கின் ஓரத்திலேயே எழுதியிருப்பார்கள்.

அரிசிச் சமையலுக்கு எண் 641.6318. நான் 641.8 வரை வந்து, "6318 பெரிய எண்தானே, இதுக்கு அப்புறம்தான் இருக்கும்" என்று மேலே நடந்தேன். அடுத்த அடுக்கில் 642 தொடங்கிவிட்டது. புத்தகம் இல்லை என்று முடிவுகட்டி வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாம் முறை நூலகர் ஒருவர் கூடவே வந்து காட்டினார்: 641 ரூபாய் 63 காசு, 641 ரூபாய் 80 காசுக்கு முன்னாலா பின்னாலா? அவ்வளவுதான் விஷயம். புள்ளிக்கு அப்புறம் வருவதை முழு எண்ணாக வாசிக்கக் கூடாது. அகராதியில் எழுத்தெழுத்தாகப் பார்ப்பதுபோல ஒவ்வோர் இலக்கமாகப் பார்க்க வேண்டும். வரிசை இப்படி இருக்கும்: 641.5, 641.59, 641.6, 641.6318, 641.8.

இது பிடிபட்டதும் இன்னொன்று கண்ணில் பட்டது. நெல் சாகுபடிக்கு 633.18. அரிசிச் சமையலுக்கு 641.6318. அரிசிப் பொருளாதாரத்துக்கு 338.17318. மூன்றின் வாலையும் பாருங்கள், 318! வேளாண்மைக்கான 63ஐ விட்டுவிட்டு மீதியை மற்ற எண்களின் முடிவில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரே நெல் மூன்று அடுக்குகளில், ஒரே வாலோடு. எல்லாப் பொருளுக்கும் இப்படி வால் கிடைக்காது. ஆனாலும் ஒரே பொருள் பல அடுக்குகளில் சிதறிக் கிடக்கிறது என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் இந்த மூன்று அடுக்கிலும் முழுதாகக் கிடைக்கவில்லை. 616.39இல் கிடைத்தது. அது மருத்துவ அடுக்கு, ஊட்டச்சத்துக் குறை நோய்கள். தீட்டிய வெள்ளரிசியையே தின்றவர்களை பெரிபெரி நோய் வாட்டியதும், ஜாவாவில் கோழிகளுக்குத் தீட்டிய அரிசி கொடுத்து அதே போன்ற நோயை டச்சு மருத்துவர் எய்க்மன் கண்டதும் (1929இல் அவருக்கு நோபல் பரிசு) அங்கே இருந்தன. மலாயாவில் வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர்களிடம் பரவலாக இருந்த பெரிபெரி, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அரிதாக இருந்ததும் அங்கேதான் தெரிந்தது. 1905இல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு பாதிப் பேருக்குப் புழுங்கலும் மறுபாதிக்கு வெள்ளரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளரிசி உண்டவர்களைத்தான் நோய் பிடித்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பக்கம் இருக்கும் தயமின் என்ற வைட்டமின் (இது குறைந்தால்தான் பெரிபெரி வரும்) அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை.

அம்மாவிடம் சொன்னபோது உலை மூடியைக் கையில் பிடித்தபடியே நின்று கேட்டார். மருத்துவ நூல் ஒன்றை நான் கையில் எடுத்தது அதுதான் முதல் தடவை.

4. புத்தகத்தைப் பின்னாலிருந்து திறவுங்கள்

முன்னுரையில் தொடங்க வேண்டாம். கடைசியில் சொல்லடைவு (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற அகரவரிசைப் பட்டியல்) இருந்தால் அதில் உங்கள் பொருளைத் தேடுங்கள். இரண்டே பக்கம் என்றால் அதை மட்டும் படித்துவிட்டு வைத்துவிடலாம். இருபது பக்கம் என்றால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நம்முடைய பல பதிப்பாளர்கள் இன்னும் சொல்லடைவு போடுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அப்படிப்பட்ட நூலில் பொருளடக்கத்தை வைத்துத்தான் தேட வேண்டும்.

எடுத்த புத்தகத்தை நீங்களே அடுக்கில் செருகாதீர்கள், மேசையில் வையுங்கள். இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகம்தான்.

5. குறிப்பு

நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும். செயலிகளை முயன்று பார்த்தேன், எழுதியதைத் திரும்பத் திறந்ததே இல்லை. ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே பகுப்பு எண்ணை எழுதுங்கள். மாதக் கடைசியில் எந்த நூறுக்குள் நீங்கள் போகவே இல்லை என்று தெரியும்.

பின்சேர்க்கை

"எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இவ்வளவு நீள எண் இல்லையே" என்று சிலர் எழுதியிருந்தார்கள். முதல் மூன்று இலக்கம் இருந்தால் போதும். 633 என்று பார்த்ததும் அந்த வரிசையின் முதுகுகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள்.

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தமிழ் நூல்களுக்குத் தனித் தளம். அதனால் ஒரே எண்ணைத் தேடி இரண்டு தடவை நடக்க வேண்டும், ஒன்று அங்கே, இன்னொன்று துறைத் தளத்தில். முதலில் தமிழ்த் தளத்துக்குப் போங்கள்.

முதுகில் எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து இருந்தால் குழம்ப வேண்டாம். அது சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் உருவாக்கிய கோலன் பகுப்பு என்ற வேறொரு முறையாக இருக்கலாம். 1933இல் வெளியானது. அதில் ஜே என்றால் வேளாண்மை, எல் என்றால் மருத்துவம். அரிசிக்காரர்கள் ஜேயில் தொடங்கி எல்லுக்குப் போங்கள்.